பதினொன்று இருபதுக்கு ஒரு ராஜினாமா

இதனால் செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் கடற்கரை வரையுள்ள சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: ஆயுத பூஜையன்று காலை பதினொன்று இருபதுக்குப் படாளம் ரேணுகா அவர்கள், தம் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை ராஜினாமா செய்துவிட்டார். இச்செய்தியை மாமல்லபுரம் நீலக்கரை ரிசார்ட்டின் சம்பள சாஃப்ட்வேர் அரசாங்கத்துக்கு அனுப்பியது. அரசாங்கமும் பெற்றுக்கொண்டது. தெரியாமல் போனது ரேணுகாவுக்கு மட்டும்தான்.

மறுநாள் காலை ரேணுகா செங்கல்பட்டு கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில், ஜோதிலட்சுமியின் மேஜை முன்னால் நின்றாள். ஜோதிலட்சுமி பி.எஃப். மனு எழுதித் தருபவர். காணாமல் போன கணக்குகளைக் கண்டுபிடிப்பதில் பேர் வாங்கியவர். பக்கத்து ஜெராக்ஸ் கடை ஷபீர், அக்காவிடம் என்றாவது ஒரு கொலைக் கேஸ் வரும் என்று ஆறு வருஷமாகக் காத்திருக்கிறான்.

"யக்கா, போன்ல மெசேஜ் வந்துகீது. வேலைய வுட்டுட்டேனாம். நான் எங்க வுட்டேன்?" ரேணுகா போனை மேஜைமேல் வைத்தாள். "ஒம்போது வருஷம் ரூம் க்ளீனிங்குக்கு சூப்பர்வைசர். வூட்டுக்காரரு காலு ஒடிஞ்சி கட்டுப் போட்டுகினு கீறாரு. மேனேஜர் வரதனக் கேட்டா, 'நீயேதான் போட்ட, நாளைலேர்ந்து உங்கீழ இருக்கற ஜெஸ்ஸி பாத்துக்குவா'ங்கறாரு."

"ஜெஸ்ஸி!" ஷபீர் துள்ளி எழுந்தான். "கேஸ் முடிஞ்சிச்சு யக்கா!"

"உக்காரு ஷபீரு," என்றார் ஜோதிலட்சுமி. "வேற ஏதாச்சும் விசேஷம் நடந்துச்சா ரேணுகா?"

"ஒண்ணுமில்ல. ஹனியான்னு என்கூட ஒரே நாள்ல சேந்தவ. வேலைய வுட்டு ஒரு மாசம் ஆவுது. இன்னிக்குக் காலைலயும் அவளுக்கு 'நீங்கள் இன்னும் பணிக்கு வரவில்லை'ன்னு கம்பெனி மெசேஜாம். எனக்கு தினம் வர்றது இன்னிக்கு வர்ல. அவ போன்ல சிரிக்கிறா, நான் அழுவறேன்."

"உன் ஊழியர் நம்பர்?"

"நாப்பத்திரண்டு. அவ நாப்பத்தொண்ணு."

ஜோதிலட்சுமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அது அவர் உற்சாகத்தின் உச்சம். ஷபீர் கடையை இழுத்துச் சாத்திவிட்டு, அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தான். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை ஜெஸ்ஸி எப்படிச் செய்திருப்பாள் என்று நாலு விதமாகச் சொன்னான். நாலிலும் அவள் மாறுவேஷத்துக்குப் பர்தா அணிந்திருந்தாள். ரேணுகா பின்னாலேயே பஸ்ஸில் வந்தாள்.

ரிசார்ட் நடையில், ஊழியர்களுக்கான கம்ப்யூட்டருக்கு மேலே ஓர் ஆணை ஒட்டியிருந்தது. 'ஆயுத பூஜை காலை பத்து மணிக்குப் பொட்டு வைத்தது முதல், மறுநாள் மாலை நாலரை நல்ல நேரம் வரை, சமையலறையும் வரவேற்பறையும் நீங்கலாக எந்தக் கருவியையும் எவரும் தொடலாகாது. மீறினால் கடும் நடவடிக்கை. வரதன், மனிதவள மேன்மைப் பிரிவுத் தலைவர்.' அந்தப் பிரிவில் வரதனைத் தவிர வேறு யாரும் கிடையாது.

முதலாளி நைனா முகம்மது பூஜைக்கு வருஷா வருஷம் பொரி மூட்டை வாங்கித் தருகிறவர். அன்றும் ஊழியர்களுக்குப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜோதிலட்சுமி கேட்டுக்கொண்டதால் எல்லோரையும் நடைக்கு வரவழைத்தார்.

வரதன் போனை உயர்த்திக் காட்டினார். "சாஃப்ட்வேர் அனுப்பிய தகவல் இது. காலை பதினொன்று இருபது. நாங்கள் அனைவரும் பூஜையில் பக்தியோடு நின்றிருந்தோம். இவர் மட்டும் நழுவி வந்து, இந்த ஊழியர் கம்ப்யூட்டரில் ராஜினாமாவைப் பதிந்திருக்கிறார். என் ஆணையையும் மீறியிருக்கிறார்."

"பாஸ்வேர்டெல்லாம் செவுத்துலயே ஒட்டிக்கீது!" ஷபீர் விரலை நீட்டினான். "யாரு வேணா பண்லாம். இன்னா ஜெஸ்ஸி?"

"யோவ், எனக்கு எதுக்கு அந்த வேல? எரநூறு பெட்ஷீட்டு எண்றதுக்கா?" என்றாள் ஜெஸ்ஸி.

ஜோதிலட்சுமி கம்ப்யூட்டருக்கு முன் குனிந்தார். "இதுக்குப் பொட்டு வெச்சது யாரு?"

"நான்தாம்மா," என்றார் காவலாளி தனகோடி. "பத்து மணிக்கு எல்லாத்துக்கும் வெச்சேன். கம்ப்யூட்டருன்னா அணைச்சிட்டு, சுச்சு மேலயே சந்தனத்த அப்பிடுவேன். எவனும் தொடக் கூடாதுல்ல?"

"பாருங்க. சுச்சு மேல சந்தனம் காஞ்சி கெட்டியா கீது. ஒரு கீறல் இல்ல. நேத்து பத்து மணிக்கப்பறம் இத யாரும் போடல. அப்ப ராஜினாமா இதுலேர்ந்து போகல. ஜெஸ்ஸியும் போடல, ரேணுகாவும் போடல."

ஷபீர் சந்தனத்தைப் பார்க்க முண்டியடித்து முன்னால் வந்தான். இத்தனை நேரம் கட்டிய மாளிகை இடிந்ததைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை.

"அந்த சாஃப்ட்வேர் வேற எதுல கீது?"

"சாரு லேப்டாப்புல," என்றார் தனகோடி. "அதுக்கு மூடி சேர்ற எடத்துல, குறுக்கால வெச்சேன்."

லேப்டாப் மாலை போட்டபடி வரதன் மேஜையில் இருந்தது. மாலையை ஜோதிலட்சுமி மெல்ல நகர்த்தினார். சந்தனம் நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. மூடியைத் திறந்தார். என்டர் விசையில் செக்கச்செவேலென்று ஒரு குங்கும ரேகை.

"நேத்து பூஜைல சாரு கையில குங்குமம்," என்றார் ஜோதிலட்சுமி. "ஹனியா வெலகினத அரசாங்கத்துக்கு அனுப்ப ஒரு மாசம் கெடு. நேத்தோட முடியுது. பாதி பூஜைல ஞாபகம் வந்துச்சு. ஓடி வந்து திறந்தாரு. அவசரத்துல நாப்பத்தொண்ணுக்குக் கீழ் வரிசைய அழுத்திட்டாரு. அதான் போனவளுக்கு இன்னும் மெசேஜ் வருது, இருக்கறவளுக்கு வர்ல. தப்பு நடந்துச்சுன்னு எழுதிக் குடுத்தா திருத்திடலாம். ஆனா எழுதணும்னா, சொந்த ஆணைய சொந்தக் கையால மீறினதையும் எழுதணும். அதவிட ரேணுகா ராஜினாமா பண்ணிட்டான்னு சொல்றது சுளுவு."

 மனிதவள மேன்மைப் பிரிவு கைக்குட்டையை எடுத்து என்டர் விசையைத் துடைக்கப் போனது.

"இப்பவே திருத்து," என்றார் நைனா முகம்மது.

"ஐயா, நல்ல நேரம் நாலரைக்குத்தான்..."

"வரதா!"

வரதன் உட்கார்ந்து, தவறுதலாக அனுப்பியதாக எழுதி, பதிவை நீக்கினார். ஐந்தாவது நிமிஷம் ரேணுகாவின் போன் கிணுகிணுத்தது. 'நீங்கள் இன்னும் பணிக்கு வரவில்லை.' அதைப் படித்துவிட்டு அவள் அழுத அழுகையில் ஜெஸ்ஸியும் சேர்ந்துகொண்டாள்.

"இன்னாமா மூளை யக்கா உனுக்கு!" ஷபீர் பொரியை வாரி வானத்தில் இறைத்தான். தனகோடி கைதட்டினார். நைனா முகம்மது எல்லோர் முன்னாலும் கையை ஓங்கி அறிவித்தார்: "வரதா, இன்னியோட உன்ன வேலையிலேர்ந்து தூக்கிட்டேன். அரசாங்கத்துக்கு இப்பவே அனுப்புங்க!"

எல்லோரும் லேப்டாப்பைச் சுற்றி நின்றார்கள். மேலாளரை நீக்குவதற்குத் தனிப் பாஸ்வேர்ட் கேட்டது. அது வரதனுக்கு மட்டும்தான் தெரியும். அதை மாற்ற வேண்டுமானால் அவரே கையெழுத்திட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

வரதன் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்.