இரண்டு பூட்டுக்குள் புகை

“யா அல்லாஹ்! மவுத்து... மவுத்து!”

சாய்ந்தமருதுத் தெருவே அதிர்ந்தது.

வருடம் எண்பத்திரண்டு. வெள்ளிக்கிழமை. ஜும்மாத் தொழுகை முடிந்து தன் நெல் மில்லுக்குத் திரும்பிய முதலாளி முகைதீன்பாவாதான் அலறினார்!

அடுத்த வளவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஸம்ஸியா, விஞ்ஞான டீச்சர், ஈரச் சேட்டு ஒன்றை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

மில்லின் பின்பக்கம். நிலத்துக்குள் இறக்கிக் கட்டிய சீமெந்துத் தொட்டி. மூடி திறந்து கிடந்தது. இரண்டு பூட்டும் உடைந்திருந்தன.

எட்டடி ஆழத்தில்... குப்புற ஒரு உடம்பு!

யாரும் கூப்பிடாமலே வந்து நின்றார் பொலிஸ் சார்ஜன் வல்லிபுரம்.

“கொலை!” என்றார் ருசித்து. “ஆர்ர தொட்டி?”

“மில்லு என்ட. தொட்டி இவன்ட யோசினை!” முதலாளி, மில் மெசின்களைப் பார்க்கும் பிற்றர் அப்துல் ஹமீட்டைக் காட்டினார்.

“உள்ளுக்கு என்ன?”

“புகை ஐயா.”

“புகைக்கு ரெண்டு பூட்டா? என்னை மடையன் எண்டு நினைச்சியா?”

“உண்மைதான் சார்ஜன்!” ஸம்ஸியா குறுக்கிட்டாள். “என்ட பெட்டிசத்தாலதான் இந்தத் தொட்டியே வந்த!”

மில்லுப் புகையில் தெருவே இருமிய காலம் அது. ஸம்ஸியா எழுதிய முறைப்பாட்டால் ஹமீட் புகையைச் சலவைச் சோடாத் தண்ணீரில் பிடித்தான். தண்ணீரைக் காய்ச்சிக் காபனீரொட்சைட்டு வாயுவைப் பிரித்தான். போத்தல் சோடாக் கொம்பனிக்குக் கொடுக்கலாம் என்று தொட்டியில் அடைத்தான். பிள்ளைகள் திறந்துவிடாமல் இரண்டு பூட்டும் போட்டான். இருமல் நின்றது. துணி வெளுத்தது. ஆனால்...

“பத்து மூட்டை உமியில மூணு மூட்டை, புகையைப் பிடிக்க அடுப்பெரிக்கவே போகுது!” முதலாளி புலம்பினார். “இப்ப ஆளையும் பிடிச்சிட்டு!”

சார்ஜன் ஏணியில் கால் வைத்தார்.

“இறங்காதீங்க!”

ஸம்ஸியா மெழுகுதிரியைக் கொளுத்தி, நூலில் கட்டி இறக்கினாள். இரண்டடி போயிருக்காது...

பொசுக்!

“அது காற்றை விடப் பாரம். அடியிலதான் கிடக்கும். இறங்கினா நீங்களும் கிடப்பீங்க!”

சார்ஜனின் கால் தானாக மேலே வந்தது.

“ஹமீட்! நெல்லுத் தூற்றுற காற்றாடியைக் கொண்டுவாங்க... கெதியா!”

காற்றாடி உறுமியது. உமி பறந்து சார்ஜனின் மீசையில் குடியேறியது. மெழுகுதிரியை மறுபடி இறக்கினாள். இந்த முறை அணையவில்லை!

“நான் இறங்குறன்.” ஹமீட் இடுப்பில் கயிறு கட்டினான்.

“கொலைகாரனையா இறக்குறீங்க?”

“அப்ப நீங்க இறங்குறீங்களா?”

சார்ஜன் அவசரமாக வானத்தைப் பார்த்தார்.

ஆளை மேலே இழுத்தார்கள். தேத்தண்ணிக் கடை மீராசாஹிபு! உதடு நீலம் பாரித்திருந்தது. அவருடைய மகள் ஸம்ஸியாவின் வகுப்பில் படிக்கிறாள். திங்கட்கிழமை அந்தப் பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பது? அவர் நெஞ்சை அழுத்தினாள்.

ஒன்று... இரண்டு... மூன்று...

இருமல்!

“அல்ஹம்துலில்லாஹ்!” முதலாளி அழுதேவிட்டார்.

சார்ஜன் பாய்ந்து ஹமீட்டின் சேட்டைப் பிடித்தார். “இவன்தானே தள்ளின? சொல்லு!”

மீராசாஹிபு தலையை ஆட்டினார். “ஒருத்தரும் தள்ளல்ல... பூட்டை உடைச்ச நான்தான். உடைச்சு முடிக்கவே ஜும்மா முடிஞ்சிட்டு. குனிஞ்சு பாத்தன்... மறுகா ஒண்டும் தெரியா...”

“என்னத்துக்குக் காக்கா உடைச்ச?” அண்ணனிடம் போலக் கேட்டாள் ஸம்ஸியா.

“ரெண்டு பூட்டெண்டா கள்ளத் தங்கம்தான், ஜும்மா நேரம் ஆக்கள் இரிக்கமாட்டாங்க, உடை... பாதிப் பாதி எண்டு சொன்னாரு...”

“ஆரு சொன்ன?”

மீராசாஹிபுவின் விரல் மெல்ல உயர்ந்தது. முதலாளியைத் தாண்டியது... ஹமீட்டைத் தாண்டியது...

காக்கிச் சட்டையில் போய் நின்றது!

வல்லிபுரத்துக்கு வேர்த்துக் கொட்டியது. தொப்பியைக் கழற்றி முகத்துக்கு விசிறிக்கொண்டார்.

ஸம்ஸியா எழுந்து கூட்டத்தைப் பார்த்தாள்.

“எல்லாரும் கொஞ்சம் விலகி நில்லுங்க! மீராசாஹிபு காக்காக்கு மூச்சு வந்திட்டு... இப்ப காற்று தேவைப்படுறது சார்ஜனுக்கு!”