ராசாவின் சிவப்பு மெத்தை

12.02.1974, செவ்வாய்க்கிழமை

இன்று ஒரு பிழை விட்டேன். காற்றடித்த சைக்கிள் ரியூப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்க வீதியால் வந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுக் கதிரவேலு அண்ணை தனியாக இருக்கிறார். அவருக்குச் சுகமில்லை. அம்மா காய்ச்சும் கஞ்சியை நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். உட்காரும் இடத்தில் அவருக்கு ஒரு கட்டி. ரியூப்பின் மேல் உட்கார்ந்தால் நோகாது என்று டொக்டர் சொன்னாராம். அதனால் மாலை வகுப்பு முடிந்ததும் சைக்கிள் கடையில் ஒன்று வாங்கினேன்.

என்னோடு படிக்கும் சிமியோன் பின்னாலேயே வந்தான்.

"உதென்ன மாலை, மகாதேவி? ஆருக்குக் கலியாணம்?"

"கதிரவேலு அண்ணைக்கு... சுகமில்லை."

"சுகமில்லாத ஆளுக்கு ரியூப் ஏன்? நீந்தப் போறாரோ?"

நான் வேகமாக நடந்தேன். அவனும் விடவில்லை. அண்ணை வீட்டு வாசல் படலைவரை கேள்விதான்.

நடந்ததைச் சொன்னதும் அண்ணை தலையில் கை வைத்தார்.

"ஐயோ பிள்ளை! வெள்ளிக்கிழமை வாசிகசாலை நாடகத்திலை நான்தான் ராசா. பெடியள் 'கட்டி ராசா' எண்டு கத்தினால்? நான் நடிக்கமாட்டன்!"

எனக்கு அழுகை வந்தது. முதலே கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன்.

"ஆரும் கேட்டால் என்ன சொல்லட்டும், அண்ணை?"

"சுகமில்லை எண்டு சொல். எங்கை எண்டு மட்டும் சொல்லாதை."

"ஓம். ஆனால் நாடகத்திலை நீங்கள் கதிரையிலை இருக்கவேணுமே?"

"அதுதான் பிள்ளை, பலகைக் கதிரை." பெருமூச்சு விட்டார்.

"ராசாக்கள் வெறும் பலகையிலையோ இருக்கிறவை?"

அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா தந்த பழைய சிவப்புச் சேலைத் துண்டில் வட்டமாக உறை தைத்து, ரியூப்பை உள்ளே வைத்தேன். தையல் கொஞ்சம் கோணல். ராசாவுக்குப் போதுமா என்று தெரியவில்லை.

திரும்பி வந்தபோதும் சிமியோன் படலையடியில் நின்றான்.

"அண்ணைக்கு என்ன வருத்தமெண்டு சொல்லன்."

"அது அவரின்ரை விசயம். அவரைக் கேள்."

"சரி, உந்த வடிவான மெத்தை ஆருக்கு?"

"நாடகத்து ராசாவுக்கு."

"ஓ, அதுவோ!" என்று அவன் விசிலடித்துக்கொண்டு போய்விட்டான்.

அண்ணை மெல்ல உட்கார்ந்து பார்த்தார். நோகவில்லை. கையை உயர்த்தி, "ஆரங்கே!" என்று முழங்கினார்.

மெத்தை 'கீச்ச்' என்று பதில் சொன்னது.

நாளை செய்யவேண்டியது: ரியூப்பில் கொஞ்சம் காற்றைக் குறைப்பது.