நிறுத்தியவர்தான் கூப்பிட வேண்டும்

மேல் மேய்ச்சல் நிலத்தில் அந்த ஒற்றை யூகலிப்டஸ் மரத்தைச் சுற்றி மட்டும் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம் மிளா மான்கள் மேய்ந்து மொட்டையடித்துவிட்டன. கம்பிவேலியைச் சாய்த்து, மாட்டுக்கு வைத்த உப்புக்கட்டி வரை நக்கித் தீர்க்கும் அந்த வெட்கங்கெட்ட ஜென்மங்கள், மரத்தடிப் பக்கம் மட்டும் தலைவைத்தும் படுப்பதில்லை. குளிர் தொடங்கியதிலிருந்து ஹேசல் சமையலறை ஜன்னலில் நின்று இதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். தென்கோளத்தின் நடுக்குளிர்காலமான போன ஜூலையில் அவள் கணவன் நெவில் விறைத்துச் செத்தது அந்த மரத்தடியில்தான்.

நிலம் அவர்களுடையது. மிளாவைக் குறைக்கச் சுட வருபவர்கள் கூலி வாங்காத வேட்டைக்காரர்கள். மெர்வின் தலைவன், நெவிலும் அந்தக் குழுவில் ஒருவன். மெர்வின் வாயில் விதிகள் ஜெபம் மாதிரி வரும். ஆரஞ்சுத் தொப்பி இல்லாமல் கேட்டைத் தாண்டக் கூடாது. குறி தப்பிய குண்டைத் தாங்கப் பின்னால் மேடு இல்லாத மிளாவைச் சுடக் கூடாது. உள்ளே போகிறவன் தன் பெயர்த் தகட்டைக் கேட்டில் மாட்ட வேண்டும், வெளியே வந்ததும் அவனே கழற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுத்திய இடத்தை விட்டு யாரும் அசையக் கூடாது. நிறுத்தியவரே வந்து, தோளைத் தொட்டு, கூப்பிட வேண்டும். மங்கலில் தன்பாட்டுக்கு இறங்கி வருகிறவன் இன்னொருவன் கண்ணுக்கு மிளாவாகத் தெரிந்துவிடுவான் என்பதால் வந்த விதி அது.

மெர்வின் நெவிலை அந்த மரத்தடியில் நிறுத்திய அன்று மழை பனியாக மாறியது. விரல் மரத்துப்போன மெர்வின், கேட்டில் தொங்கிய தகடுகளை எல்லாம் ஒரே கொத்தாக உருவிப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு கேட்டைப் பார்த்தான். தகடு ஒன்றும் இல்லை. எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று வண்டியைக் கிளப்பினான். நெவில் வழக்கம்போல் அவர்களோடு குடிக்கப் போயிருப்பான் என்று ஹேசல் படுத்துவிட்டாள். காலையில் அவன் மரத்தில் சாய்ந்து நின்றபடியே இருந்தான். தோட்டா நீக்கிய துப்பாக்கி காலடியில் முறைப்படி கிடந்தது. அங்கிருந்து பார்த்தால் வீடு தெரியும். பாவி மனுஷன், ஒரே ஒரு தடவை விதியை மீறியிருக்கக் கூடாதா என்று அவள் அழாத நாள் இல்லை.

போன வாரம் அவனுடைய வேட்டைக்கான தெர்மல் தூரநோக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்து, சும்மா மேட்டைப் பார்த்தாள். சூடான உயிரெல்லாம் அதில் வெள்ளையாகத் தெரியும். மிளாக்கள் வெள்ளை வெள்ளையாக மேய்ந்தன. மரத்தடியில், உறைந்த தரையைவிடக் குளிர்ந்த ஏதோ ஒன்று, தார் மாதிரிக் கறுப்பாக, ஆள் உயரத்தில் நின்றது. தலையில் தொப்பி. கண்ணாடியை இறக்கினால் வெறும் மரம்.

இன்று மாலை மெர்வின் வந்தான். இந்த வருட வேட்டைக்கு நிலத்துக்காரியின் அனுமதி வேண்டும்.

"வருஷம் பூரா எட்டிப் பாக்காத மனுஷன். மிளா பெருத்ததும் வழி தெரிஞ்சுதாக்கும்?"

"உன் மூஞ்சில முழிக்க முடியல ஹேசல்."

"உக்காரு. டீ குடி. கேக் கடையில வாங்குனது, மூஞ்சியச் சுளிக்காத."

அவன் பாதி கேக்கை விழுங்குவதற்குள் அவள் கண்ணாடியைக் கையில் கொடுத்து ஜன்னலைக் காட்டினாள். அவன் நெடுநேரம் பார்த்தான். மேசைக்கடியில் நாய் தாழ்ந்த குரலில் உறுமத் தொடங்கியது.

"பாறையா இருக்கும்."

"பாறை தொப்பி போடுமா?"

அவன் கண்ணாடியை மேசையில் வைத்தான். கோப்பை கவிழ்ந்து டீ சிந்தியது. இருவரும் துடைக்கவில்லை.

"தினம் போறேன் மெர்வ். பேரச் சொல்லிக் கெஞ்சறேன். தோளத் தொட்டா கை உள்ள போவுது. அசைய மாட்டேங்கறான். அவன நிறுத்துனது நீ. நீதான் கூட்டிட்டு வரணும்."

"வந்தா... அது நெவ்வா இருக்குமா?"

"என் புருஷன் குளிர்ல நிக்கறான். எனக்கு அது போதும்."

மெர்வின் ஆரஞ்சுத் தொப்பியை மாட்டிக்கொண்டு, ஒரு வாக்கி டாக்கியை அவளிடம் கொடுத்து, இன்னொன்றை எடுத்துக்கொண்டு மேடேறினான். வெளிச்சம் சரிந்துகொண்டிருந்தது. ஈரப் புல்லின் வாசனையும் விறகுப் புகையும் ஜன்னல் இடுக்கில் கலந்து வர, எங்கோ ஒரு மிளா எச்சரிக்கையாக ஒருமுறை கத்தி ஓய, ஹேசல் கண்ணாடிக்குள் அந்த வெள்ளை உருவம் கறுப்பு உருவத்தை நெருங்குவதை மூச்சைப் பிடித்துப் பார்த்தாள்.

"வந்துட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியல. எங்க நிக்கறது?"

"இடது பக்கம். இன்னும் கொஞ்சம். மரத்த ஒட்டி. ஆங், அங்கயே நில்லு. கைய நீட்டு."

வெள்ளைக் கை நீண்டது. கறுப்புத் தோளில் நின்றது. உள்ளே போகவில்லை.

"நெவ்." மெர்வின் குரல் உடைந்தது. "மன்னிச்சிருடா. முடிஞ்சுபோச்சு. வா, வீட்டுக்குப் போலாம்."

கறுப்பு அசைந்தது.

மரத்தை விட்டு விலகியது. இறங்கியது. வேலியருகே குனிந்து, கம்பியை விலக்கி, நெவில் எப்போதும் நுழைகிற மாதிரியே நுழைந்தது. ஹேசல் வாய்விட்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள்.

வெள்ளை உருவம் மரத்தடியிலேயே நின்றது.

"மெர்வ், நீயும் வா."

"காலு வரல."

"என்ன உளர்றே?"

"தூக்க முடியல ஹேசல். நீதான என்ன இங்க நிறுத்துன? நீ வந்து தொடணும். சீக்கிரம் வா. குளிரு எலும்புல ஏறுது."

அவள் கோட்டை எடுத்தாள். ஒரு கையை நுழைத்தாள்.

"ஆனா இந்த எடம் காலியா இருக்காதுன்னு தோணுது," என்றது வாக்கி டாக்கி. "நான் வந்தா... அவன் திரும்பி வரணும். அப்படித்தான் தோணுது."

பின்வாசலில் சத்தம். பூட்ஸைப் படியில் தேய்க்கும் சத்தம். நிதானமாக. சேறு போகும்வரை.

நாய் ஊளையிட்டுக் கூடத்துக்கு ஓடியது.

கதவடியில் குளிர் நுழைந்தது. அவள் கணுக்காலைத் தொட்டது.

"ஹேசல்." கதவுக்கு வெளியே. அவன் குரல்தான். களைத்த குரல். "கதவத் தெற. குளிருது."

திறந்தாள். வாசலில் யாருமில்லை. நாற்காலி நகர்ந்தது. இருக்கை மெல்ல முனகியது. அவள் ஈரக் கன்னத்தில் ஓர் உள்ளங்கை பட்டது. பனிக்கட்டி. ஆனால் கை. காய்ப்பு ஏறிய, அவளுக்குத் தெரிந்த கை. அதன்மேல் தன் கையை வைத்தாள். இந்தத் தடவை உள்ளே போகவில்லை.

"ஹேசல்? கோட்டு போட்டுட்டியா?"

அவள் கோட்டுக்குள் நுழைத்த கையை உருவிக்கொண்டாள்.

"கெளம்பிட்டியா?"

இன்னொரு கையால் கண்ணாடியை எடுத்தாள். பார்க்கக் கூடாது என்று தெரியும். பார்த்தாள். மரத்தடியில் வெள்ளை உருவத்தின் விரல்கள் ஏற்கெனவே சாம்பலாகிவிட்டிருந்தன. சாம்பல் முழங்கைக்கு ஏறியது. தோளுக்கு ஏறியது.

"நான் அசையல ஹேசல்," என்றது குரல், பல் கிட்டித்தபடி, கீழ்ப்படிதலோடு. "நீ வர்ற வரைக்கும் அசைய மாட்டேன்."

அவள் கன்னத்திலிருந்த கை கண்ணீரைத் துடைத்தது. மேட்டில், மார்பளவில் கொஞ்சம் வெள்ளை மட்டும் மிச்சமிருந்தது.