பத்துக்குப் பத்து

காற்று அசையாத அறையில் நாற்பத்தாறு தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இடப்பக்கம் திரும்பின. கண்கள் எல்லாம் மூடியிருந்தன.

நொசிபோ இதைப் பார்த்தது டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு. இந்த மாதிரி விஷயங்களுக்கு நள்ளிரவு வேண்டும், புளியமரம் வேண்டும் என்பதெல்லாம் வேலைவெட்டி இல்லாத ஊர்களின் பழக்கம். யிபின் நகரத்தில் எதுவும் மணியடித்தால்தான் வரும்.

தென்னாப்பிரிக்காவில் குவீன்ஸ்டவுன் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இருபத்து நாலு வருடம் கத்திக் களைத்தவள் அவள். சீனாவில் பிள்ளைகள் சொன்னபடி கேட்பார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி ஆங்கிலம் கற்பிக்க வந்தாள். பிள்ளைகள் சொன்னபடி கேட்டார்கள். பின்னால் வினையானதும் அதுதான். வாரத்துக்கு இருபத்தாறு வகுப்பு. ‘இது ஒரு ஆப்பிள்’ என்பதை இருபத்தாறு முறை சொன்னால் ஆப்பிளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிடும். நான்கு மாதத்தில் அவளுக்குக் கைவந்தவை ஓரளவு பேசிச் சமாளிக்கிற சீனமும், நின்றுகொண்டே தூங்குகிற வித்தையும்.

இரண்டு பாடங்களுக்கு நடுவே ஐந்து நிமிடம் கண் பயிற்சி. அந்த ஐந்து நிமிடம் பார்த்துத் தினமும் ஆசிரியர் அறைக்கு நழுவி மேசையில் தலை சாய்ப்பது அவள் வழக்கம். அந்த வாரம் ஆசிரியர் அறைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் வகுப்பிலேயே நின்றாள்.

கரும்பலகைக்கு மேலிருந்த ஒலிபெருக்கி கரகரத்து, தேய்ந்துபோன நாடாவிலிருந்து ஒரு பெண்குரல் ஒன்று, இரண்டு என்று எட்டு வரை எண்ணியது. அப்படி நான்கு சுற்று. கணப்பு இல்லாத அறையில் பஞ்சு வைத்த கோட்டுகளுக்குள் உருண்டையாய் உட்கார்ந்திருந்த எட்டு வயதுப் பிள்ளைகள் கண்களை மூடி, குளிரில் சிவந்த விரல்களால் புருவத்தையும் மூக்குத்தண்டையும் நெற்றிப்பொட்டையும் அந்த எண்ணிக்கைக்கு ஏற்ப அழுத்திக்கொண்டிருக்க, ஜன்னலுக்கு வெளியே ஆற்றுப் பனி சுவர் மாதிரி நிற்க, ஈரக் கோட்டு, மிளகாய் எண்ணெய், சாக்பீஸ் வாசனைகளுக்கு நடுவே எங்கிருந்தோ ஓர் அந்துருண்டை வாசனை மெல்ல ஏறி வந்தது. நான்காம் சுற்றில், கதவோர வரிசையில் தொடங்கித் தலைகள் திரும்பின. பக்கத்தில் ஒருவர் கடந்துபோனால் கண் தெரியாதவர் முகம் திரும்புமே, அப்படி. முதல் வரிசை. இரண்டாவது. மூன்றாவது.

நடுவில் யாரும் இல்லை.

வகுப்பாசிரியை கூ லான்ஜிங்கிடம் கேட்டாள். கூவுக்கு முப்பது வயதுக்கு மேலே சொல்ல முடியாது. எப்போதும் கையில் சாமந்தித் தேநீர்க் குடுவை. சோதனைக்கு ஆள் வருமில்லையா, அந்தப் பயம்தான் பிள்ளைகளுக்கு என்றாள் கூ. நொசிபோவுக்கு அந்த ஏற்பாடு தெரியும். கீழ் மாடிகளில் சிவப்புப் பட்டை கட்டிய பெரிய வகுப்புப் பிள்ளை ஒன்று வந்து, யார் கண்ணைத் திறக்கிறார்கள் என்று பார்த்து, கதவுக்கு வெளியே தொங்கும் சிறிய பலகையில் பத்துக்கு இத்தனை என்று மார்க் எழுதிவிட்டுப் போகும். மூன்றாம் மாடியில் இருந்த இவர்கள் வகுப்புப் பலகையிலும் தினமும் மார்க் இருக்கும். தினமும் பத்து.

“மூணாவது மாடிக்கு மட்டும் யாரையும் அனுப்புறதில்ல, டீச்சர்” என்றாள் கூ.

“அப்ப மார்க் போடுறது யாரு?”

கூ தேநீரை ஊதினாள். “நமக்கு எப்பவும் பத்துதானே. எதுக்குக் கிளறணும்?”

நொசிபோ கிளறவில்லை. பயப்படுவதற்குக்கூட மனிதருக்குக் கொஞ்சம் ஓய்வு நேரம் வேண்டும். அடுத்த வகுப்பில் ஆப்பிள் காத்திருந்தது.

புதன்கிழமை பாங் ஷூயாவ் வலது கண்ணில் கட்டியோடு வந்தாள். இரண்டாம் வரிசைக்காரி, தனக்குத் தானே லெமன் என்று ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டவள். பக்கத்தில் இருந்தவன் பெயர் எலிஃபன்ட்.

“டீச்சர், லெமன் அழுகிருச்சு” என்றான் அவன்.

“உன் மூக்கப் பாரு மொதல்ல. அதுக்குத் தனி பெஞ்சு போடணும்” என்றாள் ஷூயாவ்.

வகுப்பு சிரித்து அடங்குவதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது. கட்டி வந்த கண்ணை அழுக்கு விரலால் அழுத்துவதா? இருபத்து நாலு வருட வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா. குனிந்து அந்தப் பெண்ணின் கைகளைக் கீழே இறக்கிவிட்டாள்.

“நீ அழுத்தாதம்மா. சும்மா கண்ணைத் தெறந்துக்கிட்டு உக்காரு.”

ஷூயாவ் பதறினாள். “தெறக்கலாமா?”

“நான் சொல்றேன்ல.”

மூன்று சுற்று ஒன்றும் ஆகவில்லை. பிறகு அந்துருண்டை வாசனை வந்தது. ஷூயாவின் பார்வை கதவுக்குப் போனது. கதவின் உயரத்துக்கு மேலே போனது. அங்கிருந்து மெதுவாக, வரிசைகளுக்கு நடுவே, எதையோ தொடர்ந்து வந்தது. நொசிபோவுக்கு அந்தக் கண்களைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. கண்கள் நெருங்கி வந்தன. முகவாய் நிமிர்ந்தது. கழுத்து பின்னுக்கு வளைந்தது. பெஞ்சுக்கு நேர் மேலே வந்து பார்வை நின்றது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

இமைகள் இறுக மூடிக்கொண்டன.

நொசிபோ வெளியே ஓடிப் பலகையைப் பார்த்தாள். ஒன்பது. எழுதிய சாக்பீஸின் தூள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. தாழ்வாரம் இரண்டு கோடி வரைக்கும் காலி.

வியாழக்கிழமை ஷூயாவ் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். இமைகள் பிரியவே இல்லை. ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, ஒன்றுமில்லை, பிள்ளை அடம் பிடிக்கிறது என்று அனுப்பிவிட்டார்களாம். எலிஃபன்ட் கேலி செய்யவில்லை; அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். நொசிபோ அருகில் மண்டியிட்டதும் அந்தப் பெண் காதோடு சொன்னாள்.

“அவங்க போகல டீச்சர். என் மூஞ்சிகிட்ட குனிஞ்சு நிக்கிறாங்க. நான் எப்பத் தெறப்பேன்னு.”

அன்றும் ஒன்பது.

கூ பழைய கதையைத் தரையைப் பார்த்தே சொன்னாள். இதே மூன்றாம் மாடியில் படித்தவள் அவள். அப்போதும் தினமும் பத்து. ஒருமுறை மட்டும், பக்கத்துப் பெஞ்சுப் பெண் கண் திறந்ததால், ஒன்பது. மறுநாளும் ஒன்பது. மூன்றாம் நாள் பத்தாகிவிட்டது.

“அந்தப் பொண்ணு?”

“ஆத்தங்கரையில கண் தெரியாதவங்க நடத்துற மசாஜ் கடை இருக்குல்ல, அங்கதான் வேலை. நல்லா அழுத்துவா.”

மூன்றாம் நாள் என்றால் நாளை. நொசிபோ சுவரில் சாய்ந்துகொண்டாள். “நானும் கண்ணைத் தெறந்துதானே நின்னேன்? எனக்கு ஒண்ணும் ஆகலையே.”

“பெஞ்சுல உக்காந்திருக்கவங்களுக்குத்தான் மார்க். டீச்சருக்கு ஏது மார்க்?”

அன்றிரவு எட்டாவது மாடி வீட்டில், கொதிகெண்டி தானாக அணைந்து வெகுநேரம் ஆன பிறகும் அவள் கோட்டைக் கழற்றாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ‘நான் சொல்றேன்ல’ என்று இருபத்து நாலு வருடத்தில் எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பாள். எல்லாரும் நம்பியிருந்தார்கள். திரும்பிப் போக விமானம் இருந்தது. எழுந்து பெட்டியை இறக்கலாம் என்று நினைத்தாள். அதற்கும் தெம்பில்லை என்று அவளே பிறகு சொல்லிக்கொண்டாள். அது பொய். கால் தயாராகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஷூயாவைக் கீழே அலுவலகத்துக்கு அழைத்துப் போகச் சொன்னாள். கூ அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். நொசிபோ இரண்டாம் வரிசைக்கு வந்து, முழங்கால் நெஞ்சில் முட்ட, ஷூயாவின் குட்டிப் பெஞ்சில் தன்னைச் செருகிக்கொண்டாள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

“டீச்சர், உங்க கண்ணு பெருசு. மூடவே அரை மணி ஆகும்” என்றான் எலிஃபன்ட்.

“வாயை மூடு. கண்ணையும் மூடு.”

ஒலிபெருக்கி கரகரத்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவள் கண்களை மூடி, சில்லிட்டுப்போன விரல்களைப் புருவத்தில் வைத்தாள். இரண்டாம் சுற்று. பஞ்சுக் கோட்டுகள் உரசும் சத்தம், யாரோ மூக்கை உறிஞ்சுவது, எங்கோ ஆற்றில் ஒரு படகின் ஊதல். மூன்றாம் சுற்று. நான்காம் சுற்று. அந்துருண்டை.

கதவோர வரிசையில் கழுத்துப் பட்டைகள் உரசின. அடுத்த வரிசை. தன் தலையும் இடப்பக்கம் திரும்பியதை உணர்ந்தாள். அவள் திருப்பவில்லை.

“அவமேல தப்பில்ல” என்றாள் மெல்ல. “தெறக்கச் சொன்னது நான்.”

நின்றது.

குனிந்தது.

உச்சந்தலையில் மூச்சு படவில்லை. மூச்சு படுகிற தூரத்தில் ஒரு முகம் இருப்பது மட்டும் தெரிந்தது. அவள் விரல்கள் புருவத்திலிருந்து நழுவின. கைகள் பெஞ்சின் விளிம்பைத் தேடிப் பற்றிக்கொண்டன. இடக்கை. வலக்கை. இரண்டும்.

புருவத்தில் விரல்கள் அழுத்திக்கொண்டிருந்தன.

ஒன்று. இரண்டு. மூன்று. இதமான சூடு. அந்த டிசம்பரில் அந்த அறையில் யார் விரலிலும் சூடு இல்லை. மெத்தென்ற, தொழில் தெரிந்த விரல்கள். நான்கு மாதத்தில் யாரும் அவளை இப்படித் தொட்டதில்லை. வெட்கக்கேடு, தூக்கம் வந்தது.

நான்காம் சுற்று முடிந்தது. நாடா ‘டக்’கென்று நின்றது. பிள்ளைகள் கண்களைத் திறந்து புத்தகம் எடுக்கிற சத்தம். படிகளில் தடதடவென்று ஓடி வரும் சின்னக் கால்கள். கதவருகே ஷூயாவின் குரல்.

“பத்து! டீச்சர், எனக்குத் தெரியுது. பத்து போட்டிருக்கு!”

கால்கள் இரண்டாம் வரிசை வரை ஓடி வந்து நின்றன. கோட்டின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“டீச்சர், முடிஞ்சிருச்சு. கண்ணைத் தெறங்க.”

விரல்கள் எட்டு வரை எண்ணி முடித்தன. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கின.