கேள்விக்கு முன்னால் வந்த பதில்

“அய்யோ… எங்கண்ணன விட்ருங்கய்யா!”

வேலாயியின் அலறலில் தோட்டத்து ஆஸ்பத்திரியின் தகரக் கூரையே அதிர்ந்தது.

அவளுடைய அண்ணன் அழகனின் கையில் விலங்கு!

“கத்தாத!” என்றார் இன்ஸ்பெக்டர் ஜமால்தீன். “ஒன் புருஷனே சொல்லிட்டான்… மேலருந்து தள்ளுனது அழகன்தான்னு!”

சொன்னானா?

கட்டிலில் கிடக்கும் நல்லமுத்துவுக்கு வாய் பேசாது. கை அசையாது. இமைகூட அவன் சொல்லுக்கு மூடாது. தேயிலை ஸ்டோரின் மேல்மாடியிலிருந்து விழுந்த நாளிலிருந்து இப்படித்தான். அவன் விழுந்தபோது மேலே யாரோ ஓடிய சத்தம் கேட்டது. முந்தின நாள் அவனோடு கட்டிப் புரண்டு சண்டை போட்டவன் அழகன். போலீசுக்கு வேறென்ன வேண்டும்?

சொன்னது நல்லமுத்துவின் வாய் அல்ல… தலையில் ஒட்டியிருந்த வயர்கள்!

வயர்களின் சொந்தக்காரர் டாக்டர் மஃறூப். ஹட்டன் கடைவீதியில் பிறந்து, சீமைக்குப் போய், மூளையின் மின்சாரத்தைக் கணக்குப் போட்டுப் படிக்கும் வித்தையோடு திரும்பியவர். 1964-இல் திம்புள்ள மலையில் அதை யாரிடம் போய்ப் பேசுவது? பேசினால் கொட்டாவி விட்டார்கள். வீட்டிலோ கல்யாணப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. மனுஷன் பேசுவதையே குறைத்துக்கொண்டார், பாவம்!

விஷயம் இவ்வளவுதான். கையைத் தூக்க நினைத்தாலே போதும், மூளைச் செல்கள் வேலையில் இறங்கிவிடும். காகிதத்தில் முள் வரையும் அலை சுருங்கும். ஒரு தடவையில் தெரியாது, இரைச்சல் மூடிவிடும். அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எல்லா அலைகளையும் கூட்டிச் சராசரி எடுத்தால் இரைச்சல் கரைந்து பதில் மிஞ்சும்.

“‘ஆமா’ன்னா கையத் தூக்க நெனை. ‘இல்ல’ன்னா சும்மா இரு” என்று டாக்டர் நல்லமுத்துவிடம் சொல்லியிருந்தார்.

கேள்வி கேட்டவர், தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை செல்லசாமி. அவராகவே முன்வந்தார்.

“வேலாயி கேட்டா அண்ணனக் காப்பாத்தத்தான் பாப்பா. நான் கேக்குறேன் டாக்டர்… இவன் என் கொரலுக்குப் பழகுனவன்!”

கேட்டார். “நல்லமுத்து! ஒன்னத் தள்ளுனது அழகனா?” திரும்பத் திரும்ப அதே கேள்வி.

அலை சுருங்கியது!

ஜீப் அழகனோடு மலை இறங்கிப் போனது.

மறுநாள் காலை. வெளியே மூடுபனி. உள்ளே மூன்று பேர்… ஒருவன் பேச முடியாதவன், ஒருத்தி பேச ஆளில்லாதவள், ஒருவர் பேசி அலுத்தவர்.

டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. அலையைத் துண்டு துண்டாக வெட்டி மறுபடி கூட்டினார்.

திடுக்கிட்டார்!

அலை சுருங்க ஆரம்பித்த இடம், ‘நல்லமுத்து’ என்று கூப்பிட்ட இடம். அழகனின் பெயர் அப்போது செல்லசாமியின் வாயிலிருந்தே வரவில்லை.

கேள்விக்கு முன்னாலேயே பதில்!

“வேலாயி… கணக்கப்பிள்ளை பேரச் சொல்லிக் கூப்பிட்டா இவரு என்ன செய்வாரு?”

“என்னத்தங்க செய்வாரு? பெரட்டுல எல்லாரும் செய்றதுதான். காலைல வரிசைல நிப்பாங்க, பேரு கூப்பிட்டதும் கையத் தூக்கி ‘ஐயா’ம்பாங்க. தூக்கலேன்னா அன்னிக்கு வேலையில்லீங்களே!”

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அல்லாஹ்வே… பெரட்டுக்குக் கை தூக்கினவனைச் சாட்சியாக்கிட்டோமே! வேலாயி, நீங்க ஏதாவது கேளுங்க. எதுவானாலும் சரி.”

அவள் புருஷன் பக்கம் குனிந்தாள்.

“ஏங்க… நான் பேசுனதெல்லாம் ஒங்களுக்குக் கேட்டுச்சா?”

மறுபடி… மறுபடி… டாக்டர் கூட்டினார். கேள்வி முடிந்த பிறகு அலை சுருங்கியிருந்தது!

“கேட்டுச்சாம், வேலாயி. எல்லாமே.”

“ஐயோ சாமீ!” அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “விழுந்தன்னிக்கே எதுவும் கேக்காதுன்னு சொன்னாங்களே… நான் பேசுறதையே விட்டுட்டேனே! இத்தன நாளும் தனியாவா கெடந்தீங்க?”

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு டெலிபோனைச் சுழற்றினார். “ஜமால்தீன்! கணக்கப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஒடனே வாங்க!”

வந்தார்கள்.

“கணக்கப்பிள்ளை, இன்னொரு தடவை கேளுங்க. தள்ளுனது தோட்டத்துப் பெரிய தொரையான்னு.”

செல்லசாமி சிரித்தார். “தொரை அன்னிக்குக் கொழும்புலங்க!”

“அதனாலதான். முன்ன மாதிரியே பேரச் சொல்லி, திரும்பத் திரும்பக் கேளுங்க.”

கேட்டார். அலை சுருங்கியது!

“என்ன டாக்டர்… தொரைக்கும் விலங்கா?” இன்ஸ்பெக்டர் மிரண்டார்.

“இது பதிலே இல்ல, பழக்கம். அதக் கழிச்சிட்டா மிச்சம் சைபர்!” டாக்டர் நல்லமுத்துவின் காதருகே குனிந்தார். “இது பெரட்டு இல்லப்பா. அவரு கூப்பிட்டா நீ கை தூக்க வேணாம். வேலாயி, நீங்க கேளுங்க.”

“தள்ளுனது எங்கண்ணனாங்க?”

அலை அப்படியே இருந்தது.

“கணக்கப்பிள்ளை… ஐயாவா?”

சுருங்கியது! கூட்டிப் பார்த்த ஒவ்வொரு தடவையும்!

“டேய் நல்லமுத்து!” செல்லசாமி பாய்ந்து வந்தார். “நான் தள்ளலதானேடா? ஆமான்னு சொல்லுடா! கையத் தூக்குடா! நல்லமுத்து! தூக்குடா!”

அவர் திரும்பத் திரும்பக் கத்த, முள் ஓடியது; டாக்டர் கூட்டினார். எல்லோரும் காகிதத்தையே பார்த்தார்கள்.

அலை சுருங்கவில்லை!

ஆயுசு முழுக்க அந்தக் குரலுக்குக் கை தூக்கியவன்… விரலைக்கூட அசைக்க முடியாமல் கிடந்தபடியே, இன்று தூக்க மறுத்துவிட்டான்!

செல்லசாமி மிஷினைக் காட்டிக் கத்தினார்.

“இதெல்லாம் ஒரு சாட்சியாங்க? பைத்தியக்கார மிஷின்! கேவலம் ரெண்டு மூட்டை தேயிலைத்தூள எடுத்ததப் பாத்துட்டான்னு… நான் ஆளத் தள்ளுவேனா?”



இன்ஸ்பெக்டர் மெல்ல எழுந்தார்.

“மூட்டையா? எந்த மூட்டை? மூட்டையப் பத்தி இங்க யாரும் பேசவே இல்லியே!”

செல்லசாமியின் கையில் விலங்கு ‘க்ளிக்’கென்று பூட்டியது.

வேலாயி எதையும் பார்க்கவில்லை. புருஷனின் காதோரம் என்னவோ பேசிக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் அவசரமாக வயர்களைக் கையில் எடுத்தார். “ஜமால்தீன், கணக்கப்பிள்ளை மண்டையிலயும் ஒரு தடவை மாட்டிப் பாத்திருவமா?”

“எதுக்கு டாக்டர் கரண்ட வீணாக்குறீங்க? இவருக்குத்தான் வயரில்லாமலே எல்லாம் வெளிய வருதே!”