பிளவு மாவு

காந்தம் நேராகத் தொங்கவில்லை.

ஷாமலா நூலை விரலில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு மறுபடியும் தொங்கவிட்டாள். கல்லில் இரும்புத் தாது இருக்கிறதா என்று பார்க்கச் சின்னக் காந்தம் ஒன்றை நூலில் கட்டிக் கல்லின் அருகே பிடிப்பது அவள் தொழிலில் அன்றாட வேலை. மக்னடைட் இருந்தால் காந்தம் கல்லை நோக்கிச் சாயும், இல்லாவிட்டால் சும்மா தொங்கும். இப்போது அவள் கையில் இருந்தது வெறும் வெள்ளைக் குவாட்ஸ் கல். காந்தம் அதைச் சட்டை செய்யவே இல்லை. எதிர்ப்பக்கமாக, அவளை நோக்கிச் சாய்ந்து, வயிற்றைப் பார்த்தபடி நின்றது.

கவுனில் குத்தியிருந்த ஊசிதான் காரணம் என்று அதைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்தாள். காந்தம் அப்படியேதான் நின்றது. அவள் கல்லைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளை இருந்த வயிற்றை உள்ளங்கையால் மூடினாள்.

ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு தடவையும் பாதி வழியிலேயே கலைந்து போயிருந்தது. மூன்றாவதும் போனால் இனி வேண்டாம் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். பஸ்ஸில் குலுங்கக்கூடாது என்றும் சொன்னதால், அவள் வேலை பார்க்கும் சுரங்கக் கம்பனிக்காரர்கள் கல்லுப் பெட்டிகளையே கெலிஓயாவுக்கு, அவள் வீட்டு முன்ஹோலுக்கு அனுப்பிவைத்தார்கள். கிழக்குக் கடற்கரையோரம் துளையிட்டு எடுத்த கற்கள் அவை. கைத்தடிப் பருமனில், உருளை உருளையாக, ஆழத்தின் வரிசைப்படி நீள மரப்பெட்டிகளில் கிடந்தன. எதில் என்ன தாது, எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டியது அவள் பொறுப்பு.

அந்தக் கரையோரத்தில் நிலத்துக்கு அடியே ஒரு பிளவு ஓடுகிறது. இரண்டு பெரும் பாறைத் துண்டுகள் அங்கே முட்டிக்கொண்டு, மனிதன் என்ற சொல்லே இல்லாத காலத்திலிருந்து ஒன்றையொன்று உரசி, நடுவில் அகப்பட்டதை எல்லாம் அரைத்து மாவாக்கியிருக்கின்றன. மற்றப் பெட்டிகளில் கல் இருந்தது. ஜன்னலோரப் பெட்டியில் மட்டும் இந்த மாவு. கருப்பாக, கொழகொழவென்று, மக்னடைட் துகளும் மஞ்சளாக மின்னும் செம்புத் தாதும் கலந்து கிடந்தது. எத்தனை வெயில் பட்டாலும் அது காயவில்லை. மழை பெய்து வீடு முழுக்க ஈரச் சுண்ணாம்பு மணக்கும் மாலைகளில் அந்தப் பெட்டியிலிருந்து உப்பும் பாசியும் கிளம்பி, கூடவே வாயில் காசை வைத்தால் வருமே, அந்த நெடியும் சேர்ந்து ஹோலைத் தாண்டி, அறையைத் தாண்டி, அவள் தலையணை வரைக்கும் வந்தது.

கல்லை நக்கிப் பார்ப்பது இந்தத் தொழிலில் கேவலம் இல்லை. ஈரம் பட்டால் மணிகள் துலங்கும். மாவு என்றால் பல்லில் நரநரக்கிறதா என்று பார்த்துக் களியா மணலா என்று சொல்லிவிடலாம். பேராதனையில் படித்த காலத்திலிருந்தே அவளுக்கு அது பழக்கம். அப்படித்தான் ஒரு துளியை நாக்கில் வைத்தாள். பிறகு இன்னொரு துளி. மூன்றாவது துளிக்குத் தொழில் காரணம் எதுவும் இருக்கவில்லை, நாக்கு ஊறியது, அவ்வளவுதான். பிள்ளைத்தாச்சிக்கு மண் ருசிப்பது ஊர் அறிந்த சங்கதி, சாம்பல் தின்றவர்களும் பச்சரிசி தின்றவர்களும் பெற்றுப் பிழைத்துத்தானே இருக்கிறார்கள் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். தனக்குத் தானே சமாதானம் சொல்ல ஆரம்பித்தவள் எந்தக் காலத்தில் நிறுத்தியிருக்கிறாள்.

ஒரு நாள் நிறுத்திப் பார்த்தாள். அன்று பிள்ளை அசையவில்லை. காலையில் இல்லை, மதியம் இல்லை, இடப்பக்கம் சரிந்து படுத்து வயிற்றைத் தட்டியும் இல்லை. பொழுது சாயும்போது ஓடிப்போய் ஒரு விரல் மாவை வழித்து வாயில் போட்டாள். விழுங்கி முடிப்பதற்குள் உள்ளே ஓர் உதை விழுந்தது. அவள் பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதாள். அதற்குப் பிறகு நிறுத்துவதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

அன்ட்ரூவிடம் மூச்சு விடவில்லை. அவள் புருஷன், பிலிமத்தலாவையில் ஹாட்வெயார் கடையில் வேலை. தினமும் வேலை முடிந்து வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அவள் வயிற்றில் கை வைத்து, "தொர என்ன சொல்றாரு?" என்பான். தொர ஒன்றும் சொல்லமாட்டார். அவன் கை பட்டதும் பிள்ளை அடங்கிவிடும்.

"ஒங்கிட்ட மட்டும்தான் ஆட்டம் எல்லாம். அப்பன்னா எளக்காரம்" என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். ஆனால் கையை எடுக்கும்போது அவன் முகம் கொஞ்சம் வாடிப்போகும்.

மிட்வைஃப் றிஸானா வந்து வயிற்றை அளந்து பார்த்தாள். பிறகு ஷாமலாவின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். சிரித்த முகம் மாறியது.

"புள்ள நல்ல நிறையா ஈக்கிது. ஆனா ஒங்கட ரெத்தத்துல இரும்பு கொறஞ்சிட்டே போகுது. குளிசைய ஒழுங்கா குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறேன் மிஸ்."

"அப்ப அதெல்லாம் எங்க போகுது? மண்ணு கிண்ணு திங்கிறீங்களா?"

"ஐயோ, இல்ல மிஸ்."

அவள் போனபிறகு ஷாமலா கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தாள். நடுவில் கருப்பாக ஒரு கோடு ஓடியது. தேய்த்தும் போகவில்லை.

அடுத்து கொழும்பிலிருந்து நிரஞ்சன் பேசினார். அவளுக்கு மேலதிகாரியான யாழ்ப்பாணத்துக்காரர், கோபப்படத் தெரியாத மனிதர்.

"ஷாமலா, வியாழக்கிழமை லொறி வரும். பெட்டியள் எல்லாத்தையும் எடுக்கப் போறம். நீங்கள் இப்ப அனுப்பின படத்திலை அந்த மாவுப் பெட்டி பாதிக்கு மேலை காணேல்லை. முந்தி எடுத்த படத்திலை நிறைய இருக்குதே."

"காய்ஞ்சு சுருங்கியிருக்கும் சேர்."

"ஓம், இருக்கும். நீங்கள் உடம்பைப் பாருங்கோ."

வியாழக்கிழமை லொறி வருவதற்கு முன் ஒரு பால்மா டின் நிறைய மாவை வழித்து, அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். ஞாயிறு பூசை முடிந்து வந்து டின்னைத் திறந்தபோது அடித்தகரம் பளபளத்தது. நக்கித் துடைத்தது யார் என்று ஒரு கணம் உண்மையாகவே யோசித்தாள். நகக்கண்ணில் கருப்பு இருந்தது.

திங்கட்கிழமை பிள்ளை அசையவில்லை.

குளிர்ந்த தண்ணீர் குடித்தாள். சர்க்கரை தின்றாள். இரும்புக் குளிசையை விழுங்கினாள், அது வெளியே வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம், முச்சக்கரவண்டி கூப்பிட்டால் வரும். போனால் என்ன தின்றாய் என்று கேட்பார்கள். ஸ்கேன் திரையில் என்ன தெரியும் என்பதை நினைத்தபோது அவளுக்கு வெட்கமும் பயமும் ஒன்றாக வந்து காலைக் கட்டிப்போட்டன. பின்னேரம் மழை இறங்கியது. கூரைத் தகரம் அதிர, எதிர் மலை மறைய, கரண்டும் போனது. பெட்டிகள் இருந்த இடத்தில் நீள நீளமாக வெளுத்த தடங்கள் கிடந்த வெறும் ஹோலில், அந்த உப்பு நெடி மட்டும் வீட்டை விட்டுப் போகாமல் நின்றது. மோந்து பார்த்தாள். நெடி அவள் தோலிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

தரையில் மண்டியிட்டாள். சிமெந்து வெடிப்புகளில் தூசி இருக்கும். நூலோடு காந்தத்தை எடுத்து வெடிப்பு வெடிப்பாக இழுத்தாள். கருப்பு மயிர் போலத் துகள்கள் எழுந்து காந்தத்தில் ஒட்டின. நக்கினாள். போதாது. மறுபடி இழுத்தாள். நக்கினாள்.

நூல் விறைத்தது.

காந்தம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. வயிற்றில் போய் ஒட்டியது. கவுனுக்கு மேலே, தொப்புளுக்குச் சற்றுக் கீழே. இழுத்தாள். வரவில்லை. குனிந்து பார்த்தாள்.

துணிக்கு அடியில் தோல் எழுந்து நின்றது. காந்தத்தைச் சுற்றி. ஒன்று. இரண்டு. ஐந்து சின்ன மேடுகள்.

உள்ளிருந்து விரல்கள்.

அவை துணியோடு சேர்த்துக் காந்தத்தை இறுக்கின. சுவைத்துப் பார்ப்பது போல ஒரு தடவை உருட்டின. பிறகு விட்டுவிட்டன. காந்தம் தரையில் விழுந்து உருண்டது. அதில் ருசி இல்லை போலும்.

மேடுகள் அடங்கின. வயிறு கல்லாகக் கிடந்தது. அசைவு இல்லை. அவளுக்குப் பசித்தது. இதுவரை தெரியாத பசி, எலும்புக்குள்ளிருந்து இழுக்கும் பசி. காதுக்குள் தன் இரத்தம் ஓடும் சத்தம் கேட்டது. மெலிந்து, மெலிந்து, வற்றப்போகும் குழாயின் சத்தம். இது போய்விடும் என்று நினைத்தாள். மூன்றாவதும் போய்விடும்.

கேற் திறந்தது.

அன்ட்ரூ நனைந்து வந்தான். இருட்டில் தரையில் கிடந்தவளைக் கண்டு பதறி ஓடிவந்து முழங்கால் போட்டான். "என்னாச்சி? வலிக்குதா?"

"அசையல" என்றாள்.

அவன் கையை நீட்டினான். அந்தக் கணத்தில் அவளுக்கு எல்லாம் தெரிந்தது, பிள்ளைக்கு வேண்டிய இரும்பு அவன் இரத்தத்திலும் ஓடுகிறது என்பது. அவனைத் தடுத்திருக்கலாம். வேண்டாம் என்று ஒரு சொல் போதும்.

கை வயிற்றில் பட்டது. பிள்ளை உதைத்தது.

"ஷாமலா." அவன் குரல் உடைந்தது. "அசையுது. எங்கிட்ட அசையுது." அழுதான், சிரித்தான், இரண்டும் ஒன்றாக. "கையப் புடிச்சிருக்கு பாரு. விடமாட்டேங்குது."

அவள் பார்த்தாள்.

"விடமாட்டேங்குது" என்றான் மறுபடியும். இந்தத் தடவை சிரிக்கவில்லை. மற்றக் கையால் இழுக்கப் பார்த்தான். அதுவும் ஒட்டிக்கொண்டது. நகங்கள் வெளுத்தன. விரல்கள் வெளுத்தன. வெளுப்பு மணிக்கட்டுக்கு வந்தது. முழங்கைக்கு வந்தது.

"ஷாமலா, எடுத்து விடு. குளிருது."

அவள் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். தள்ளிவிடத்தான் பிடித்தாள். அதற்குள் இளஞ்சூடு ஒன்று வயிற்றிலிருந்து மார்புக்கு ஏறியது, கழுத்துக்கு ஏறியது, காதுக்குள் இரத்தம் திரும்பவும் ஓடத் தொடங்கியது, பல நாளாக அவளைத் தின்றுகொண்டிருந்த பசி மெல்ல அடங்கியது. பிடித்த கையை அவள் அழுத்தினாள்.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றாள். "அப்படியே வச்சிருங்க."

கரண்ட் வந்தது. வெளிச்சத்தில் அன்ட்ரூ முழங்காலில் நின்றபடி இரண்டு கையாலும் அவள் வயிற்றை அணைத்துக்கொண்டிருந்தான். உதடு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கண்கள் திறந்தே இருந்தன. அவற்றில் கேள்வி மட்டும்தான் மிச்சமிருந்தது. அவன் உள்ளங்கைகளுக்கு அடியில் பிள்ளை ஓயாமல் உதைத்துக்கொண்டிருந்தது.