இரட்டைத்தலைப் பாம்பின் குழி

“காத்து ஏறுது செலஸ்து. பொழுது சாயுறதுக்குள்ள கிடைச்சா உண்டு; இல்லன்னா வெறுங்கையோட கரைக்குப் போக வேண்டியதுதான்” என்றார் வள்ளக்காரர் லெயோன்.

செலஸ்தீனா கடலுக்குள் இறங்கிய கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். தூத்துக்குடியில் அவளுடைய தந்தை சந்தியாகு மூச்சுக்குப் போராடிக் கொண்டிருந்தார். இரண்டு நாள் தாங்கினால் அதிகம் என்று மருத்துவர் நேற்றுச் சொல்லியிருந்தார். இது இரண்டாம் நாள்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் சங்கு குளிக்கச் சென்றபோது, மூழ்கிய பழங்கப்பலொன்றின் வெண்கல மணியைச் சேற்றில் கண்டவர் அவர். அடையாளத்துக்காகத் தம் நைலான் அரைக்கயிற்றை அதன் வளையத்தில் முடிந்தார். அந்நேரம் பக்கத்துக் குழியிலிருந்து இரட்டைத்தலைப் பாம்பு ஒன்று எழுந்ததாம்! உயிர் பிழைத்து வந்தவரைப் பார்த்து ஊர் சிரித்தது. மீண்டும் தேட எவரும் வள்ளம் தரவில்லை. அவருக்கு ‘ரெட்டைத்தல’ என்ற பட்டப்பெயர் மட்டும் நிலைத்தது. அந்தப் பெயரோடு அவர் சாகக்கூடாது என்பதற்காகவே மகள் புறப்பட்டாள்.

ஆனால், அவர் வரைந்து கொடுத்த படத்தில் கரை அடையாளமாக இருந்த பனைமரம் சென்ற புயலில் விழுந்துவிட்டது. எனவே மூன்று நாளாகக் குத்துமதிப்பாகவே தேடினர். கிடைத்தது சேறு மட்டுமே.

திடீரென்று கயிறு மூன்று முறை அசைந்தது. கீழே போயிருந்த கஸ்பார் மேலே வந்தான்; அவன் செலஸ்தீனாவின் சிற்றப்பன் மகன்.

“அக்கா! வரிப்பாம்பு! முந்தாநாள் பாத்தேன்லா, அதே இடம்!”

வரிப்பாம்பு கொடிய நஞ்சுள்ள கடற்பாம்பு; அது தென்பட்டால் அன்றைக்கு அந்த இடத்தில் மூழ்குவதில்லை என்பது சங்கு குளிப்போரின் கட்டுப்பாடு. முந்தாநாளும் அதனால்தான் இந்த இடத்தைக் கைவிட்டிருந்தனர். லெயோன் நங்கூரக் கயிற்றில் கை வைத்தார்.

“இருங்க மாமா” என்றாள் செலஸ்தீனா. “முந்தாநாள் நங்கூரம் சிக்கி, மத்தியானம் வரைக்கும் இங்கதான கெடந்தோம்? ஒரு பாம்பாவது மூச்சு வாங்க மேல வந்துச்சா?”

“அட, இல்லியே! ஒரு வாலுகூடத் தெரியலியே!”

“கடல் பாம்பும் மேல வந்துதான மூச்சு வாங்கணும். தம்பி, அதுக்குத் தல எங்க இருந்துச்சு?”

கஸ்பார் விழித்தான். “ஒரே குழிதான். இந்தப் பக்கம் ஒண்ணு நீண்டுச்சு, அந்தப் பக்கம் ஒண்ணு...”

“அப்போ ரெட்டைத்தலங்கியா?” என்றார் லெயோன்.

இம்முறை எவரும் சிரிக்கவில்லை.

“நான் எறங்குறேன்” என்றாள் செலஸ்தீனா.

“நெசமாவே பாம்பா இருந்தா?”

“அப்பா கொடுத்து வச்சது அவ்வளவுதான்னு நெனச்சுக்குங்க.”

காற்றுக் குழாயைப் பற்களில் கடித்து அவள் குதித்தாள்!

அடித்தளம் கலங்கிய சாம்பல் நிறமாக இருந்தது. குழியிலிருந்து கறுப்பு வெள்ளை வரியோடு இரு உடல்கள் எதிரெதிர்த் திசையில் நெளிந்தன. அவள் விலகவில்லை. அருகே சென்று உற்று நோக்கினாள். இரண்டிலும் கண் இல்லை, வாய் இல்லை. அடிப்பக்கத்தில் வரிசையாக உறிஞ்சிகள்! அவை பாம்புகள் அல்ல, கைகள். மீதி ஆறு கைகளையும் குழிக்குள் ஒளித்துக்கொண்ட பேய்க்கணவாய் என்ற ஆக்டோபஸ் அது!

அவள் கை நீட்டியதும் அது வெளியே பாய்ந்தது. எலும்பற்ற உடல், கண்களுக்கு மேலே சிறு கொம்புகள். எட்டுக் கைகளையும் பின்னால் சேர்த்து, இலைபோலத் தட்டையாகி, தரையோடு தரையாக நாக்குமீனைப் போல் நீந்தியது. பிறகு கைகளை விரித்து, நச்சுமுள் மீனாக மிதந்தது. தோலின் நிறப்பைகள் விரிந்து சுருங்க, பழுப்பு மங்கி வெளுப்பு தோன்றியது. ஓடு இல்லை, முள் இல்லை. பிற உயிர்களின் தோற்றமே அதற்குக் கவசம். தந்தை கண்டது இதுவாக இருக்க முடியாது. இவ்வினத்தின் ஆயுள் மிகக் குறைவு. அந்தச் சேற்றில் வாழ்ந்த இதன் முன்னோர் ஒன்றையே அவர் கண்டிருக்க வேண்டும்.

அது மறைந்ததும் அவள் குழியருகே தோண்டினாள். விரலில் ஒரு நைலான் முடிச்சு தட்டுப்பட்டது.

வள்ளம் கரை சேர்ந்தபோது, வீட்டில் மரிப்போருக்கான செபம் தொடங்கியிருந்தது. குடம் அளவேயான மணியைச் சுமந்து வந்த கஸ்பார் அதை ஓங்கித் தட்டினான். ஊரே திரும்பியது; சந்தியாகு திரும்பவில்லை. காலையிலேயே அவருக்குக் காது அடைத்துவிட்டதாம்.

“பிந்திட்டோம்க்கா” என்று அழுதான் கஸ்பார்.

செலஸ்தீனா மணியைக் கட்டிலோரம் இழுத்து, தந்தையின் விரல்களை அதன் வளையத்தில் வைத்தாள். சிப்பி படிந்த முடிச்சின் மேல் அவ்விரல்கள் அசைவற்றுக் கிடந்தன. பின்பு கட்டைவிரல் மெல்ல நகர்ந்தது. முடிச்சை ஒருமுறை சுற்றி வந்து, அதன் நுனியைப் பிடித்து இறுக்கிப் பார்த்தது. முடிச்சு அவிழவில்லை. அவருடைய உதடு சற்றே விரிந்தது. விளக்கேற்றும் நேரத்தில் அவர் மூச்சு அடங்கியது.

வாசலில் லெயோன் தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டார். “சந்தியாகு பாத்தத பாத்தபடிதாம்லே சொன்னான்” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “என்னன்னு நாமதான் போய்ப் பாக்கல.”

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, ஊரில் ஒருவர் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது அப்போதுதான்.